ஆணி அடிக்க ஒரு சுவர்

எரிக்கப்பட்ட வீட்டைப் பற்றி நாம் நிறைய எழுதியிருக்கிறோம். இடிக்கப்பட்ட வீட்டைப் பற்றியும் எழுதியிருக்கிறோம். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்துபோனதை எழுதாத தலித் பத்திரிகை கிடையாது. ஆனால் வாங்கிய வீடு, பழுது பார்த்த வீடு, பூச்சு பூசி வெள்ளையடித்த வீடு, இதெல்லாம் நடுத்தர வர்க்க ஆசை, இதில் எழுத என்ன இருக்கு என்று விட்டுவிட்டோம். நான் அப்படி நினைக்கவில்லை.

என் தங்கச்சியும் அவள் வீட்டுக்காரரும் வடசென்னையில் ஒரு பழைய ஃபிளாட் வாங்கினார்கள். 360 சதுர அடி. மூன்று மாடி, 12 வீடு. 1980-களின் கடைசியில் யாரோ ஒரு தனியார் கட்டி விற்றது. எங்கள் வீட்டிலும் சரி, மாப்பிள்ளை வீட்டிலும் சரி, ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போய் பத்திரம் போட்டு வீடு வாங்கிய முதல் ஆட்கள் இவங்கதான். அதைக் குடியிருக்கிற மாதிரி ஆக்குவதற்கு நாலு மாதம் நான் கூட நின்றேன். சிமெண்டுக்கும் கம்பிக்கும் அலைந்ததைவிட அந்த நாலு மாதத்தில் நான் அதிகம் அலைந்தது பழைய காகிதங்களுக்குள்தான். ஒரு சுவரை இடிக்கவும் எழுப்பவும் நமக்கு உரிமை இருக்கிறது என்பது எப்போது வந்தது? யார் கொடுத்தது? யாருக்கு இன்னும் வரவில்லை? இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

மனையிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1891-இல் செங்கல்பட்டு மாவட்டக் கலெக்டராக இருந்த ஜே.எச்.ஏ. திரமென்ஹீர், அந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். பஞ்சமி நிலம் என்று நாம் இன்று பேசுவதற்கெல்லாம் மூலம் அதுதான். அதைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30-இல் 1010-ஆம் எண் அரசாணை வந்தது. நிலம் என்றதும் நாம் வயலை மட்டும்தான் நினைக்கிறோம். அந்த அறிக்கையில் வீட்டு மனையும் ஒரு பெரிய பிரச்சினை. சேரி இருந்த மண்ணையே மிராசுதார் தன்னுடையது என்றார். கூலி கேட்டால், வேறு பண்ணைக்கு வேலைக்குப் போனால், எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால், குடிசையைப் பிரிச்சிக்கினு கிளம்பு என்று சொல்லும் அதிகாரம் அவர் கையில் இருந்தது. பண்ணையாளைக் கட்டிப்போடச் சங்கிலி தேவையில்லை, காலுக்குக் கீழே இருக்கிற மண் அவனுடையதாக இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எங்கம்மாவின் ஊரும் செங்கல்பட்டுப் பக்கம்தான். அவள் பாட்டி சொன்னதாக அம்மா சொல்வாள்: "மண்ணு சுவரு வெக்கலாம், செங்கல்லு வெக்கக் கூடாது. கூரை போடலாம், ஓடு போடக் கூடாது. போட்டா, இன்னா கொழுப்புடா உனுக்குன்னு கேப்பாங்க." மழைக்கு ஒழுகுகிற கூரையை மாற்றுவதுகூட மேல்தெருவுக்கு எதிரான கலகமாக இருந்தது. ஆக, பழுது பார்ப்பது என்பது நமக்கு ஒருபோதும் வெறும் கொத்து வேலையாக இருந்ததில்லை. அந்தப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கிளம்பிய போராட்டத்தில்தான் 1994 அக்டோபர் 10-இல் செங்கல்பட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். நூறு வருஷம் கழித்தும் மண்ணைக் கேட்டதற்கு அதுதான் பதில்.

ஊரை விட்டுப் பட்டணம் வந்தால் தீர்ந்தது என்று நம் ஆட்கள் வந்தார்கள். புளியந்தோப்பில் குடிசை போட்டு, பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலையில் வேலை பார்த்தார்கள். 1921-இல் ஆலை வேலைநிறுத்தத்தின்போது, வேலைக்குப் போனார்கள் என்பதற்காக ஆதிதிராவிடர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. சக தொழிலாளிகளே எதிரே நின்றார்கள். ஓடி வந்தவர்களுக்கு வியாசர்பாடியில் முகாம் போடப்பட்டது. எம்.சி. ராஜா இந்த மக்களுக்காக வாதாடினார். ஆலை வந்தது, சங்கம் வந்தது, வர்க்கம் என்ற சொல் வந்தது. ஆனால் கூரைக்குத் தீ வைக்கும்போது சாதி பார்த்துத்தான் வைத்தார்கள்.

1940-களில் சென்னை நகர மேம்பாட்டுக்கு ஒரு டிரஸ்ட் அமைக்கப்பட்டது. 1961-இல் அது வீட்டு வசதி வாரியம் ஆனது. 1970-இல் குடிசை மாற்று வாரியம் வந்தது. அதற்கான சட்டம் 1971-இல் வந்தது. அப்போது எடுத்த கணக்கில் சென்னையில் மட்டும் 1,202 குடிசைப் பகுதிகள் இருந்தன. ஏழு வருஷத்தில் குடிசையே இல்லாத சென்னை என்பது திட்டம். தீப்பிடிக்காத வீடு என்பதே அன்றைக்குப் பெரிய வார்த்தை. கூரை எரிந்து எரிந்து சலித்துப்போன சனங்களுக்குக் கான்கிரீட் தளம் என்பது சாதாரண விஷயம் இல்லை. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். குடிசை இருந்த இடத்திலேயே, பிழைப்பு இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே அந்த மாடிகள் எழும்பின. 1977-இல் உலக வங்கிப் பணத்தில் வந்த திட்டம் வேறு வழியில் போனது. அரும்பாக்கம் போன்ற இடங்களில் மனையும் அடிப்படை வசதியும் கொடுத்துவிட்டு, மேலே நீயே கட்டிக்கொள் என்றது. கையில் காசு வரும்போது ஒரு சுவர், அடுத்த வருஷம் ஒரு அறை என்று சனங்கள் தாங்களே கட்டினார்கள்.

2000-க்குப் பிறகு காற்று மாறியது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்தின் ஓரத்துக்கு ஆட்களை ஏற்றி இறக்கினார்கள். 2004 சுனாமியைச் சொல்லிக் கொஞ்சம் பேர், 2015 வெள்ளத்தைச் சொல்லி ஆற்றோரத்து ஆட்கள் கொஞ்சம் பேர். கண்ணகி நகரில் முதலில் கட்டின வீடுகள் 200 சதுர அடியைத் தொடவில்லை. நகரத்தைக் கூட்டிப் பெருக்கிச் சாக்கடை அள்ளிச் சுத்தமாக வைத்திருந்தவனை, நகரம் சுத்தமாக வேண்டும் என்று சொல்லி வெளியே வைத்தார்கள். ஊருக்கு வெளியே சேரி என்பது பழைய ஏற்பாடு, அதற்கு மாடி வைத்துக் கட்டியதுதான் புதுசு. 2021-இல் வாரியத்துக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பேர் மாற்றினார்கள். அதே 2021 டிசம்பர் 27-ஆம் தேதி திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 1993-இல் கட்டின குடியிருப்பில் 24 வீடுகள் கொண்ட ஒரு பிளாக் அப்படியே சரிந்து விழுந்தது. முன்னாடியே விரிசலைப் பார்த்துச் சனங்கள் வெளியேறியதால் உயிர்கள் தப்பின. சட்டியும் பானையும் சர்ட்டிபிகேட்டும் தப்பவில்லை. 28 வருஷம்தான் அந்தக் கட்டடத்துக்கு ஆயுசு.

இங்கே ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். பால்கனியைத் தடுத்துச் சமையல்கட்டு ஆக்குவது, மாடிப்படி ஓரத்தில் தண்ணி டிரம் வைக்க மேடை கட்டுவது, கதவை இந்தப் பக்கம் மாற்றுவது, இதையெல்லாம் வாரியக் குடியிருப்பில் செய்தால் அதிகாரி எழுதுவது 'ஆக்கிரமிப்பு', 'விதிமீறல்'. அதே வேலையைப் பெசன்ட் நகரில் ஒருத்தர் செய்தால் 'புதுப்பித்தல்'. வழவழ காகிதத்தில் போட்டோ போடுகிறார்கள். சின்ன இடத்தை எவ்வளவு சாமர்த்தியமாகப் பயன்படுத்தியிருக்கிறார் பாருங்கள் என்று மெச்சுகிறார்கள். சின்ன இடத்தைச் சாமர்த்தியமாகப் பயன்படுத்துவதை நமக்கு யார் கற்றுத்தர வேண்டும்? ஒரே அறையில் சமையல், பிரசவம், படிப்பு, சாவு எல்லாம் பார்த்தவர்கள் நாம். வித்தியாசம் கைத்திறனில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. பெயரில் பத்திரம் இருக்கிறவன் செய்தால் அது ரசனை, இல்லாதவன் செய்தால் குற்றம். பல திட்டப்பகுதிகளில் தவணை கட்டி முடித்த பிறகும் கிரயப் பத்திரத்துக்காக வருஷக்கணக்கில் நடப்பவர்கள் இருக்கிறார்கள்.

அதனால்தான் தங்கச்சி வீடு வாங்கும்போது நான் முதலில் பார்த்தது சுவரை அல்ல, பத்திரத்தில் எழுதியிருந்த பிரிபடாத பாகத்தை. ஃபிளாட் வாங்குகிறவன் வாங்குவது நாலு சுவரை மட்டுமில்லை. கட்டடம் நிற்கிற மண்ணில் ஒரு பங்கையும் சேர்த்து வாங்குகிறான். சுவர் நாற்பது அம்பது வருஷத்தில் போய்விடும், மண் நிற்கும். மூலப்பத்திரம், 30 வருஷத்து வில்லங்கச் சான்று எல்லாம் வாங்கி வக்கீலிடம் காட்டிய பிறகுதான் முன்பணம் கொடுத்தோம். முதன்முதலாக வீடு வாங்கப்போகும் நம் பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். டைல்ஸ் பளபளப்பைப் பார்த்து மயங்காதே, மண்ணில் உன் பங்கு எவ்வளவு என்று கேள்.

அடுத்தது தளம். சமையல்கட்டுக்கும் குளியலறைக்கும் மேலே பூச்சு பெயர்ந்து கம்பி வெளியே தெரிந்தது. வாங்கும்போது அதன்மேல் வெள்ளையடித்து மறைத்திருந்தார்கள். எங்கம்மா முப்பது வருஷம் சித்தாள் வேலை பார்த்தவள். சும்மாடு வைத்துப் பாண்டு சுமந்தே தலை நடுவில் முடி கொட்டிப்போனவள். அண்ணா நகரிலும் கோடம்பாக்கத்திலும் அவள் கலவை சுமந்து ஏறிய மாடிகளுக்குக் கணக்கில்லை, அந்த மாடிகளில் ஒன்றில்கூடக் கிரகப்பிரவேசத்துக்குப் பிறகு அவள் ஏறியதில்லை. அவள் ஒரு சுத்தியலை வாங்கித் தளத்தைத் தட்டினாள். "கேளு, இந்தப் பக்கம் கணீர்னு வருது. இங்க பாரு, வெத்து சத்தம். உள்ள விட்டுக்கினு கீது. மேல பூசிட்டுப் போனீனா அடுத்த மழைக்கு உன் தலைலதான் வுழும்."

பிறகு வந்து பார்த்த இன்ஜினியர் சொன்னதும் அதுவே. கான்கிரீட்டுக்குள் ஈரம் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த இரும்பு இரண்டு மடங்குக்கும் மேலே பருக்கும். பருத்தது கான்கிரீட்டை உடைத்துத் தள்ளும். உடைந்த வழியில் இன்னும் ஈரம் போகும். இதைச் சிமெண்ட் பூசி மூடினால் நோயை மூடுவதுதான். தளத்துக்கு முட்டுக் கொடுத்து, உளுத்த கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்பக்கம் வரை கொத்தி எடுத்து, கம்பியை இரும்பு பிரஷ்ஷால் தேய்த்துத் துருவை நீக்கி, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, ரொம்ப மெலிந்துபோன கம்பிக்குப் பக்கத்தில் புதுக்கம்பி கட்டி, அதற்கென்றே இருக்கிற பாலிமர் கலவையை வைத்து இறுக்கி, ஒரு வாரம் தண்ணி காட்ட வேண்டும். கையில் இருந்த மூணு லட்சத்தில் பெரும் பகுதி கண்ணுக்குத் தெரியாத இந்த வேலைக்கே போனது. மின்சாரம் இன்னொரு பகுதி: எர்த் இல்லாத பழைய ஒயரையெல்லாம் உருவிவிட்டு, சுவரில் காடி வெட்டிப் புதுசாகப் போட்டோம். கசிவு வந்தால் தானாக நின்றுபோகும் சுவிட்சும் வைத்தோம். ஒன்பது அங்குலச் சுவரைத் தொடவேயில்லை. அதன்மேல்தான் மேல்மாடியே நிற்கிறது.

ஆனால் ஈரம் எங்கிருந்து வருகிறதோ அதை அடைக்காமல் இதில் எதையும் செய்து பயனில்லை. ஈரம் மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து வந்தது. அவர்கள் தரையை உடைத்து, கீழே பள்ளத்தில் ஊறிக் கிடக்கிற செங்கல் ஜல்லியை அள்ளி, குழாயை மாற்றி, நீர்த்தடுப்புப் பூசி, தண்ணி தேக்கி ஒருநாள் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு அவர்கள் வீட்டுக்குள் ஆள் போக வேண்டும்.

மேல்வீட்டுப் பெரியவர் வாசலில் நின்றே பேசினார். நல்ல மரியாதையாகத்தான் பேசினார். "உங்களுக்குச் சொந்த ஊர் எது?" சொன்னேன். "ஊர்ல எந்தத் தெரு?" இந்தக் கேள்வியை எத்தனை விதமாகக் கேட்பார்கள் என்பது வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். அதையும் சொன்னேன். அப்புறம் மூணு வாரம் அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. சமையல்கட்டைத் தாண்டித்தான் குளியலறைக்குப் போகணும், பூஜை ரூம் பக்கத்திலே இருக்கு, விசேஷம் வருது, பார்க்கலாம் என்றார். அந்த மூணு வாரமும் அவர் வீட்டில் குளித்த தண்ணீர் எங்கள் சமையல்கட்டில் சொட்டிக்கொண்டே இருந்தது. தங்கச்சி கீழே ஒரு பக்கெட் வைத்திருந்தாள்.

ஊர்த் தண்ணி சேரிக்கு வடியும், சேரித் தண்ணி ஊருக்குள் போகக் கூடாது. அந்தக் கிராமத்து நியாயம் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் ஆறு அங்குலக் கான்கிரீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. ஆனால் கான்கிரீட் மனுதர்மம் படித்ததில்லை. எங்கள் கூரைதான் அவர் தரை. இன்ஜினியரை அவரிடமே அழைத்துப் போய், இந்தத் தளம் விழுந்தால் உங்கள் குளியலறையும் சேர்ந்து விழும் என்று சொல்லவைத்த பிறகுதான் கதவு திறந்தது. மனம் மாறித் திறந்தார் என்று நான் எழுத மாட்டேன். பயந்து திறந்தார். பரவாயில்லை. பத்திரம் எங்கள் கையில் இருந்ததால்தான் அந்தப் பேச்சையாவது பேச முடிந்தது. வாடகைக்கு இருந்திருந்தால், பக்கெட்டோடு நாங்கள்தான் கிளம்பியிருப்போம்.

வீட்டுக்குள்ளே எதை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தபோது, மாப்பிள்ளைக்கு ஹால் பெரிசாக வேண்டும், சோபா போட வேண்டும். தங்கச்சி கேட்டது இரண்டு. ஒன்று, தாழ்ப்பாள் ஒழுங்காக விழுகிற குளியலறைக் கதவு. பொதுக் கக்கூஸ் வரிசையில் விடியறதுக்கு முன்னே நின்று வளர்ந்த பெண்ணுக்கு அதன் அருமை தெரியும். இரண்டு, மகள் படிக்க ஒரு மூலை. ஜன்னல் பக்கம், மேசையும் மேலே பலகையும். அது இருந்தால் ஹால் சின்னதாகும். ஆகட்டும் என்றாள்.

எனக்கு பம்பாய் ஞாபகம் வந்தது. பாபாசாகேப் அம்பேத்கர் மாணவராக இருந்தபோது பரேல் பகுதியில் ஒரு சாலில் ஒற்றை அறையில் குடும்பமே இருந்தது. இடம் போதாமல், அப்பா விடிகாலை இரண்டு மணிக்கு எழுந்து மகனைப் படிக்க எழுப்பிவிடுவாராம். பிறகு பரேலில் நகர மேம்பாட்டு டிரஸ்ட் தொழிலாளிகளுக்குக் கட்டிய சாலில் இரண்டு அறைகள் கிடைத்தன. 1917-இல் வெளிநாட்டுப் படிப்பிலிருந்து திரும்பி பரோடாவுக்கு உத்தியோகத்துக்குப் போனவருக்கு அங்கே ஒரு வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் பேர் மாற்றித் தங்கி, பதினோராவது நாள் தடியோடு வந்தவர்களால் வெளியேற்றப்பட்டார். அந்த மனிதர்தான் 1930-களில் தாதரில் ராஜகிருகம் கட்டினார். அதை முக்கியமாகப் புத்தகங்களுக்காகக் கட்டினார். 2020 ஜூலையில் அந்த வீட்டு வளாகத்துக்குள் புகுந்தவர்கள் பூந்தொட்டிகளையும் ஜன்னல் கண்ணாடியையும் உடைத்தார்கள். நம் வீடு நன்றாக இருப்பது யாருக்கோ உறுத்துகிறது.

உறுத்தல் என்று லேசாகச் சொல்கிறேன். 1995 ஆகஸ்ட் 31-இல் கொடியங்குளத்தில் புகுந்த போலீஸ் எதை அடித்தது? டிவியை, மின்விசிறியை, தையல் மெஷினை. வெளிநாட்டுக் கூலியிலும் அரசு வேலையிலும் சம்பாதித்துச் சேர்த்ததைத் தேடித்தேடி உடைத்தார்கள். குடிக்கிற கிணற்றில் விஷத்தைக் கொட்டினார்கள். 2012 நவம்பர் 7-இல் தருமபுரி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் எரிந்தவை வெறும் கூரைகள் இல்லை. பெங்களூருக்கும் மற்ற ஊர்களுக்கும் போய் உழைத்து, கூரையைத் தளமாக்கி, பீரோ வாங்கி வைத்த வீடுகள். சேரிக்காரன் வீடு பழுது பார்க்கிறான் என்றால், இனி உன் தயவில் இல்லை என்கிறான். அவர்களுக்கு அது நன்றாகவே புரிகிறது. நமக்குத்தான், இது நடுத்தர வர்க்க ஆசையா என்ற சந்தேகம்.

சோபா ஆசை எனக்குப் பிரச்சினையில்லை. மேல்வீட்டுக்காரர் மாதிரி ஆகிவிடுவதுதான் பிரச்சினை. வீடு வாங்கியதும் பழைய தெருவை மறப்பது, பெயரையும் படத்தையும் உள் அறைக்குள் வைப்பது. "ஹால்ல அம்பேத்கர் படம் மாட்டாதீங்க, நாளைக்கு விக்கணும்னா கஷ்டம்" என்று ஒரு புரோக்கர் தங்கச்சிக்கு யோசனை சொன்னார். அவள் பதில் சொல்லவில்லை. பெயிண்ட் காய்ந்ததும் ஹாலில்தான் ஆணி அடித்தாள். வாடகை வீடுகளில் எங்களை ஆணி அடிக்க விட்டதில்லை. படத்தைச் சாய்த்து வைத்துத்தான் பழக்கம். சமையல்கட்டின் பின்சுவரைப் பூசும்போது, அம்மா கொத்தனாரிடமிருந்து கரணையை வாங்கித் தானே பூசினாள். முப்பது வருஷத்தில் கலவை சுமக்க விட்டார்களே தவிர, பூச விட்டதில்லை. பெண் எத்தனை வருஷம் வேலை பார்த்தாலும் சித்தாள்தான், கொத்தனார் ஆவதில்லை. கூலியும் அப்படித்தான். ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், சுவர் சரியாக இருந்தது.

ஒரு தங்கச்சி வீடு வாங்கியதால் சேரி விடுதலை ஆகிவிடாது. இரண்டு சம்பளமும் இருபது வருஷக் கடனும் இருந்ததால் அவர்களால் முடிந்தது. துருப்பிடித்த தளத்துக்குக் கீழே, பத்திரமும் இல்லாமல், ஆணி அடித்தாலும் விதிமீறல் என்ற நிலையில் ஆயிரக்கணக்கில் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்காக நாம் கேட்க வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. பழைய வாரியக் கட்டடம் ஒவ்வொன்றையும் விழுவதற்கு முன்னால் சோதித்து, முடிவை அங்கே இருக்கிறவர்களுக்குத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். தவணை முடிந்தவர்களுக்குக் கிரயப் பத்திரம் வேண்டும், அதில் மண்ணின் பங்கும் இருக்க வேண்டும், பெண்ணின் பெயரும் இருக்க வேண்டும். இடித்துக் கட்டினால் அதே இடத்தில் கட்ட வேண்டும். தேவைக்கேற்பத் தன் வீட்டை மாற்றிக்கொள்ள, பாதுகாப்பாகச் செய்ய, இன்ஜினியர் உதவியோடு உரிமை வேண்டும்.

இன்னொரு வேலை, இதை வாசிக்கிற மாணவர்களுக்கு. உங்கள் வீட்டில் யார் முதலில் மண் சுவரைச் செங்கல்லாக மாற்றினார்கள், எந்த வருஷம், யார் தடுத்தார்கள், காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டு எழுதுங்கள். வரி ரசீது, ஒதுக்கீட்டு ஆணை, பழைய போட்டோ எது கிடைத்தாலும் பிரதி எடுத்து வையுங்கள். செங்கல்பட்டுக் கலெக்டர் 1891-இல் எழுதியதால்தான் நம் மனைக்கு ஒரு சாட்சி இருக்கிறது. அதற்குப் பிறகு நாம் எழுப்பிய சுவர்களுக்கு நாம்தான் சாட்சி எழுத வேண்டும். எங்கம்மாவிடமிருந்து நான் தொடங்கிவிட்டேன். அவள் கட்டிய மாடிகளின் பட்டியல் இதுவரை 43 வந்திருக்கிறது, இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.